சுவரில் மாட்டிய போர்மேன்

விழாவில் தாம்பாளம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு அரசாணை எதுவும் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மேடையில் யாருக்கு அடுத்து யார் உட்காருவது, முதல் சால்வை யாருக்கு, வரவேற்புரையில் யார் பெயரை முதலில் சொல்வது என்பதற்கெல்லாம் முறை உண்டு. மாறிப்போனால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். தாம்பாளத்துக்கு மட்டும் எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை, சந்தனமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும் வைத்த தாம்பாளம் ஏதாவது ஒரு பெண் ஊழியரின் கையில்தான் இருந்தது. இளநிலை உதவியாளராக இருந்தபோது என் கையில். வட்டாட்சியர் ஆன பிறகும் ஒரு முறை என் கையில்தான், ஏனென்றால் அன்று வேறு பெண் யாரும் வரவில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்த ஆண்கள் கைகட்டி ஓரமாக நின்றார்கள். மிகவும் மரியாதையாகத்தான் நின்றார்கள்.

ஓய்வு பெற்று விருதுநகரில் வீட்டோடு இருக்கிறேன். பின்பக்கம் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதில் ஒரு கணவன், மனைவி. அவன் மினி லாரி ஓட்டுகிறான். அவள் ஆமத்தூரைத் தாண்டி இருக்கும் ஒரு பட்டாசு ஆலையில் சரவெடிக்குச் சரம் பின்னுகிறாள். இந்தப் பக்கத்தில் ஆலை என்று யாரும் சொல்வதில்லை, பயர் ஆபீஸ் என்பார்கள். காலையில் அவளும் ஆபீசுக்குத்தான் போகிறாள், நானும் ஒரு காலத்தில் ஆபீசுக்குத்தான் போனேன். சேலைக்கு மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டி, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பாள். அந்த வண்டியில் ஏறும் எல்லாப் பெண்களும் அப்படித்தான். வெடிமருந்துத் தூசி சேலையில் படக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம். ஊரிலிருக்கும் கணவன்மார்களின் கிழிந்த சட்டைகள் எல்லாம் கடைசியில் மனைவிமார்களின் சீருடையாகின்றன. இதற்கும் அரசாணை கிடையாது.

போன வருடம் அவளை ஆலை முதலாளி போர்மேன் பயிற்சிக்கு அனுப்பினார். ஆலையில் மருந்து அளவு, அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு, எந்த வேலையை எந்த நேரத்தில் நிறுத்துவது, எல்லாவற்றுக்கும் பொறுப்பு போர்மேன்தான். அதற்குப் பயிற்சி முடித்துத் தேர்வில் தேறிய ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஆலையில் அப்படி இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவருக்குக் கீழே கை ஆளாக இருந்து பழகியவர்தான் இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அனுபவம் உண்டு, குரலும் உண்டு. தேர்வு மட்டும் இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. ஆலையில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர்கள் யார் என்று பார்த்து, இவளை அனுப்பினார்கள். இவள் தேறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் கணவன் ஒரு பெட்டி பால்கோவாவோடு என் வீட்டு வாசலில் நின்றான்.

"அம்மா, இனிமே இவ போர்மேனு. வீட்ல நான் ஏற்கனவே இவ சொல்றதத்தான் கேக்கேன். அங்கன இருக்கவுகளும் கொஞ்சம் கேக்கட்டும்."

"ஆமா, கேட்டுக் கிழிச்சாரு. காலையில ஒரு கொடம் தண்ணி எடுத்து வையுங்கன்னு சொன்னேன், வச்சீகளா?" என்றாள் அவள், பின்னாலிருந்து.

அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆலையைச் சுற்றி நடக்கப் போவதைப் பற்றிச் சொன்னாள். சரம் பின்னும் அறையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை கால் மடக்கி உட்கார்ந்தே பல வருடம் போய்விட்டது, இனி நடந்துகொண்டே இருக்கலாம் என்றாள். ஒரு பதவி என்றதும் அவளுக்கு முதலில் தோன்றியது நடப்பதுதான்.

அதே மாதம் முதலாளி எனக்கும் ஆள் அனுப்பினார். நான் பணியில் இருந்தபோது, பட்டாசு உரிமக் கோப்புகள் பார்க்கும் பிரிவில் சில வருடம் இருந்தேன். அவர் அப்போது சூலக்கரை கலெக்டர் அலுவலகத்துக்கு வந்து என் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பார். இப்போது நான் அவர் அலுவலகச் சோபாவில் காத்திருந்தேன். ஏசி நன்றாக இருந்தது.

"வாங்க மேடம், எம்புட்டு நாளாச்சு! சுகமா இருக்கீகளா? காப்பியா, டீயா?"

காரியம் என்னவென்றால், பாதுகாப்பு விழாவுக்கு ஒரு சிறு படக்கதைப் புத்தகம் வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்க. "விதியெல்லாம் உங்களுக்கு அத்துப்படி, தமிழும் நல்லா எழுதுவீக" என்றார். தீபாவளி முடிந்து ஆர்டர் இல்லாமல் ஆலைகள் மந்தமாக ஓடும் மாதங்களில்தான் இங்கே பாதுகாப்புக்கு விழா எடுப்பார்கள். சீசனில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

மாதிரிக்கு என்று பழைய புத்தகங்கள் சிலவற்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து படித்தேன். எல்லாம் ஒரே கதை. அவசரக்காரக் கணவன், அவனிடம் கவனம் சொல்லி டிபன் கேரியர் கொடுக்கும் மனைவி. அவன் விதியை மீறுகிறான். கடைசிப் பக்கத்தில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் அவள் அழுகிறாள். நடுவில் ஆலைப் பெண்கள் ஒரு பக்கத்தில் வருகிறார்கள். அவர்கள் அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறார்கள், மீசை வைத்த போர்மேன் வந்து திட்டுகிறார். படிக்கிற ஆலையில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுக்குப் புத்தகம் சொல்கிற செய்தி, கணவனைப் பத்திரமாக வேலைக்கு அனுப்பு என்பது. இவர்கள் வேலைக்குக் கிளம்பும்போது டிபன் கேரியர் கொடுத்துக் கவனம் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று புத்தகத்தில் இல்லை.

எனக்கு இது புதிதில்லை. வாரப் பத்திரிகைக் கதைகளை என் தலைமுறைப் பெண்கள் எல்லோரையும் போல நானும் மதிய இடைவேளையில் படித்து வளர்ந்தவள்தான். அவற்றில் ஆபீஸ் போகும் கதாநாயகி நிறைய உண்டு. அவள் பஸ்ஸில் தொங்குவாள், வியர்ப்பாள், மேலதிகாரியின் பார்வையில் கூசுவாள், சாப்பாட்டு அறையில் தோழியிடம் அழுவாள். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று மட்டும் கடைசிவரை தெரியாது. கோப்பைத் திறந்து ஒரு குறிப்பு எழுதி, அது சரிதானா என்று அவள் குழம்பும் ஒரு பத்தியைக்கூட நான் படித்ததில்லை. வீடு திரும்பியதும் அவள் காப்பி போடுவதுதான் கதையின் முடிவு. சில கதைகளில் கணவன் காப்பி போட்டு வைத்திருப்பான். அவை முற்போக்குக் கதைகள்.

ஆகவே நான் எழுதிக் கொடுத்த கதை மிகவும் சாதாரணமானது. ஒரு பெண் போர்மேன் காலையில் ஆலைக்கு வருகிறாள். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். ஒருவரை வெளியே அனுப்புகிறாள். மீந்த மருந்தை அப்புறப்படுத்தச் சொல்கிறாள். சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். யாரும் சாகவில்லை. யாரும் அழவும் இல்லை.

சிவகாசியில் அச்சகத்துக்குப் போனேன். படம் செய்கிற இளைஞர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

"மேடம், போர்மேன் நம்மகிட்ட ஏற்கனவே ஒருத்தர் இருக்காரு. எல்லாக் கம்பெனிக்கும் அவரத்தான் போடுவோம்."

திரையில் காட்டினார். அடர்த்தியான மீசை, நீட்டிய சுட்டுவிரல்.

"பெண் இல்லையா?"

"இருக்காங்களே. ரெண்டு இருக்கு. அழுறது ஒண்ணு, டிபன் குடுக்கிறது ஒண்ணு."

"விரல் நீட்டுற பெண்?"

"அது புதுசா வரையணும் மேடம். டயம் ஆகும்."

அடுத்த முறை போனபோது வரைந்து வைத்திருந்தார். பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, கை நிறைய வளையல், நகைக்கடை விளம்பரச் சிரிப்பு. பட்டும் வளையலும் போட்டுக்கொண்டு வந்தால் ஆலைக்குள் விடமாட்டார்கள், சேலைக்கு மேல் சட்டை போடுங்கள் என்றேன்.

"சட்டை போட்டா ஆம்பள மாதிரி ஆயிருமே மேடம்."

"பரவாயில்லை."

"மொதலாளி சரின்னுட்டாருன்னா எனக்கு என்ன."

கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் பழைய மீசைக்காரரையே எடுத்து, மீசையை அழித்து, ஒரு கொண்டையும் பொட்டும் வைத்து, இடுப்புக்குக் கீழே சேலையைச் சுற்றிவிட்டார். பார்க்க நன்றாகவே இருந்தது. நீட்டிய கை மட்டும் முன்பு இருந்த அதே ஆண் கை, மணிக்கட்டில் அதே பட்டை வாட்ச். அதை மாற்றச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஆயிரம் கோப்புகளில் இப்படிச் சின்ன விஷயத்தை விட்டுக்கொடுத்துத்தான் பெரிய விஷயத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

முதலாளியிடம் படத்தைக் காட்டினேன். சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். அவரோ ஒரே பார்வையில் ஒத்துக்கொண்டார்.

"பிரமாதம் மேடம்! பொம்பள போர்மேன். இந்தப் பக்கத்துல யாரும் போட்டதில்ல. நாமதான் பர்ஸ்ட்டு. அட்டையிலயே போட்டுருவோம்."

"நிஜத்திலும் உங்களிடம் ஒரு பெண் தேறியிருக்கிறாளே. அவளும் பொறுப்பு எடுத்துவிட்டால் பொருத்தமாக இருக்கும்."

"ஆமா ஆமா, தங்கமான பிள்ள" என்றார். பிறகு தொலைபேசி அடித்தது.

பேச்சின் எந்த இடத்தில் தொலைபேசி அடித்தது என்பதை நான் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை வருட அனுபவத்தில் அந்த அளவு கவனம்கூட எஞ்சவில்லை.

சில நாள் கழித்து, சாயங்காலம் அவள் என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கேட்காமலேயே உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, சர்ட்டிபிகேட்டு ஒரிஜினல மொதலாளி வாங்கிக்கிட்டாரு. கண்ணாடி போட்டு ஆபீஸ் ரூமுல மாட்டியிருக்காக."

"மாட்டுவது வழக்கம்தான். யார் பொறுப்பு என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே."

"எனக்கு சரம் பின்ற ரூமுதானாம்."

கையை நிறுத்தினேன். "அப்படியானால் வெளியே யார் பார்ப்பது?"

"அண்ணாச்சிதான். எப்பயும் போல. ஆபீசருக வந்தா மட்டும் என்னைய கூப்பிட்டு நிக்க வைப்பாகளாம். பேரு எனக்கு, வேல அவருக்கு. மாசம் கொஞ்சம் சேத்துத் தாரேன்னாரு."

அதற்குப் பிறகு இருவரும் சிறிது நேரம் வெங்காயம் உரித்தோம். கண்ணில் நீர் வந்ததற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஊராட்சிகளில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தலைவி வீட்டில் இருப்பார், தலைவியின் கணவர் கூட்டத்துக்கு வருவார், யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் அங்கே நடக்கும் தப்பு ஒரு சாக்கடையோடு போகும். இங்கே மருந்து. நான் அவளுக்கு நடைமுறையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ஆலையில் ஏதாவது நடந்தால் வழக்கு யார் யார் மேல் போடுவார்கள் தெரியுமா? உரிமம் வைத்திருப்பவர், மேலாளர், போர்மேன். முதலாளிக்கு வக்கீல் உண்டு. போர்மேன் யார் என்று கேட்டால் சுவரைக் காட்டுவார்கள். சுவரில் உன் பெயர் இருக்கும். அன்றைக்கு அந்த அறையில் மருந்து அதிகம் வைத்தது அண்ணாச்சி என்று நீ சொன்னால், அண்ணாச்சி யார் என்று கேட்பார்கள். பதிவில் அவர் கூலி ஆள்."

"வகுப்புல சொன்னாகம்மா, போர்மேன்தான் பதில் சொல்லணும்னு. ஆனா போர்மேன் ரூமுக்குள்ள உக்காந்து சரம் பின்னிக்கிட்டு இருந்தா என்ன ஆகும்னு சொல்லல." உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள். "நானே வெளிய நின்னு, நானே தப்புப் பண்ணி, நான் ஜெயிலுக்குப் போனா அது வேறம்மா. அதுக்கு நான் பயப்படல. அவரு செய்யிறதுக்கு நான் எதுக்குப் போகணும்?"

இதைவிடத் தெளிவாக ஒரு பதவியின் வரையறையை எந்தப் பணி விதியிலும் நான் படித்ததில்லை. தன் தப்புக்குத் தானே பொறுப்பாக இருக்கும் உரிமையைத்தான் அவள் கேட்டாள்.

"மொதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன். நீங்கன்னா கேப்பாரு."

சொல்லப் போனேன். இந்த முறை டீ மட்டும் வந்தது.

"மேடம், உங்களுக்குத் தெரியாததா? அவள வெளிய நிறுத்துறதுல எனக்கு என்ன கஷ்டம்? ஆனா பாருங்க, லாரி டிரைவரு, லோடுமேன்னு எல்லாருகிட்டயும் சத்தம் போடணும். சீசன்ல நேரங்காலம் கெடையாது. வீட்ல புருசன், சமையல்னு இருக்க பிள்ள. நான்தான் அவளுக்குக் கஷ்டம் வேணாம்னு பாக்கேன்."

"அவளுக்கு வழக்கு வந்தால் அது கஷ்டம் இல்லையா?"

"நல்ல வார்த்த பேசுங்க மேடம். சாமி இருக்கு, ஒண்ணும் வராது." கை கூப்பிச் சுவரிலிருந்த படங்களைப் பார்த்தார். அங்கே மூன்று சாமி படங்கள், அவர் தகப்பனார் படம், அதற்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் அவளுடைய சான்றிதழ். அதற்கும் ஒரு முழம் பூ போட்டிருந்தார்கள். யாரோ வேலைக்காரர் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்திருப்பார்.

"அதோட மேடம், பொம்பளைக சொன்னா பொம்பளைகளே கேக்க மாட்டாக. அதுதான் நெசம்."

"அட்டையில் போட்டிருக்கிறீர்களே."

"அது படம்தான மேடம்."

மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் போனால் வாங்கிக்கொண்டு எண் போட்டுத் தருவார்கள். அது உரிய பிரிவுக்குப் போகும். அங்கிருந்து விளக்கம் கேட்டு ஆலைக்குப் போகும். அவளே போர்மேனாகப் பணிபுரிகிறாள் என்று ஆலை பதில் எழுதும். கீழே அவள் கையெழுத்தே இருக்கும், ஏனென்றால் அன்று அவளை அறைக்குக் கூப்பிட்டு வாங்கியிருப்பார்கள். மனுதாரருக்குத் தக்க பதில் அளிக்கப்பட்டது என்று கோப்பு முடியும். இந்தப் பாதையின் ஒவ்வொரு மேசையும் எனக்குத் தெரியும். சிலவற்றில் நானே உட்கார்ந்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்களுக்குத்தான் முதலில் சோர்வு வருகிறது.

விழா நாள் வந்தது. ஆலை வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினராக வெளியூரிலிருந்து ஒரு தொழிலதிபர். எனக்கும் மேடையில் நாற்காலி, ஓரத்தில். உறுதிமொழி, வரவேற்புரை, சால்வை. அடுத்து நூல் வெளியீடு.

புத்தகங்களைத் தாம்பாளத்தில் வைத்து மேடைக்குக் கொண்டுவந்தது அவள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். விழாவுக்கு முன்னால் அண்ணாச்சி, "யம்மா, நீதான் கொஞ்சம் வெளுப்பா, பாங்கா இருக்க, தட்டத் தூக்கிக்கிட்டு வா" என்றிருக்கிறார். சட்டையைக் கழற்றிவிட்டு, நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். அச்சகத்து இளைஞர் முதலில் வரைந்த படம்போல இருந்தாள். அவள் ஏந்திய தட்டில் மஞ்சள் ரிப்பன் கட்டிய புத்தகக் கட்டு. அதன் அட்டையில் சட்டை போட்ட பெண் போர்மேன் பட்டை வாட்ச் கட்டிய கையை நீட்டிக் கொண்டிருந்தாள்.

விருந்தினர் ரிப்பனை அவிழ்த்தார். அட்டையைப் பார்த்தார். ஒலிபெருக்கியில் சொன்னார். "பெண் போர்மேன்! புரட்சி! இப்படி ஒரு காலம் நிஜமாவே வரணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி தட்டினார், அண்ணாச்சி தட்டினார். பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் தட்டவில்லை. அந்தக் காலம் வருவதற்கு அதிக தூரம் இல்லை, தட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேராகப் பேச்சு இல்லை. நிரலை மீறிப் பேசாமல் இருந்தே பழகிவிட்டேன்.

விழா முடிந்தது. என்னை அழைத்துவந்த கார், விருந்தினரைக் கூட்டிக்கொண்டு ஆனைக்குட்டம் அணை பார்க்கப் போய்விட்டது. முதலாளி மிகவும் வருத்தப்பட்டார். கம்பெனி பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் என்று ஏறினேன். பெண்கள் எனக்கு ஜன்னல் ஓரம் விட்டார்கள்.

கடைசியாக அவள் ஏறினாள். மறுபடி சட்டை போட்டிருந்தாள். தலையில் பூ இல்லை. மார்போடு அணைத்தபடி ஒரு கண்ணாடிச் சட்டம்.

"ஏத்தா, என்னது அது? சாமி படமா?" என்றாள் முன் இருக்கையில் ஒரு அம்மாள்.

"ஆமா, பூவெல்லாம் போட்டுருக்கு பாரு. எந்தச் சாமிடி?"

"அண்ணாச்சி சாமியா இருக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வண்டி முழுக்கச் சிரித்தது.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சட்டத்தை மடியில் நிமிர்த்தினாள். "என் சர்ட்டிபிகேட்டு. மாட்டுனவுக கழட்டல, நானே ஸ்டூலப் போட்டுக் கழட்டிட்டேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. முன் இருக்கை அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "மொதலாளி பாத்தாரா?"

"அவரு கார அனுப்பப் போயிருந்தாரு."

"அடிப் பாவி மகளே! நாளைக்கு வேலைக்கு வரச் சொல்வாகளா?"

"சரம் பின்ன வேணாம்னு சொன்னா, வேற ஆபீசுக்குப் போயி சரம் பின்னுறேன். எங்கயும் சரம்தான."

அவள் விரல்கள் சட்டத்தின் ஓரத்தைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், பேசுகிற அளவுக்குத் தைரியம் உள்ளே இல்லை என்று தெரிந்தது. அந்த வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆமத்தூர் வருவதற்குள் என் கைபேசி அடித்தது. முதலாளி.

"மேடம், ஆபீஸ் ரூமுல சர்ட்டிபிகேட்ட காணோம்."

"காணாமல் போகவில்லை. உரியவளிடம் இருக்கிறது. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்."

"என்ன மேடம் இது? நீங்களே இப்பிடி… நாளைக்கு இன்ஸ்பெக்சன் வந்தா நான் எதக் காட்டுவேன்?"

வண்டி இரைச்சலில் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. "வந்தால் ஆளையே காட்டுங்கள். வாசலில் நிற்கச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டம் தேவைப்படாது. சான்றிதழ் அவளுடைய சொத்து. அதை அவள் சம்மதம் இல்லாமல் நீங்கள் வைத்துக்கொள்ள எந்த விதியும் இல்லை. இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்."

"யோசிக்கேன் மேடம்" என்றார்.

யோசிக்கிறேன் என்பதும் பரிசீலனையில் உள்ளது என்பதும் ஒரே குடும்பத்துச் சொற்கள். அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் சட்டத்திலிருந்த வாடிய பூவை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

முதலாளி யோசித்தார். சான்றிதழ் உள்ள ஆட்களாகத் தேடியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வெளியூரிலிருந்து இரண்டு ஆண்கள் வந்து பார்த்துவிட்டு, சொன்ன சம்பளம் கட்டாது என்று போய்விட்டார்கள். அவளை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. கடைசியில், ஆர்டர் குறைவான மாதங்கள்தானே என்று, அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். சோதனை ஓட்டம் என்று அதற்குப் பெயர். அண்ணாச்சிக்கு வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு, ஆலோசகர் என்று வைத்திருக்கிறார்கள். அவர் அங்கிருந்தபடி அவளை, "யம்மா போர்மேனு, கொஞ்சம் காப்பித்தண்ணி சொல்லேன்" என்று கூப்பிடுவாராம். முதல் முறை சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை, "ரூமுல ஆளு கூடியிருக்கு அண்ணாச்சி, நீங்களே போயி சொல்லிருங்க" என்றிருக்கிறாள். எழுந்து போனாராம். பெண்கள் சொன்னால் பெண்கள் கேட்கிறார்களா என்று கேட்டேன். "பாதிப் பேரு கேக்காகம்மா. மீதிப் பேரு மொறைக்காக. அண்ணாச்சிக்கும் அப்பிடித்தான இருந்துச்சு" என்றாள்.

ஆடி நெருங்குகிறது. வட நாட்டு ஆர்டர்கள் வர ஆரம்பித்துவிட்டன, லோடு ஏற்ற லாரிகள் வரத் தொடங்கிவிட்டன. சீசனிலும் இவள்தான் நிற்பாளா, அல்லது அண்ணாச்சியின் நாற்காலி வேப்பமரத்தடியிலிருந்து மறுபடி உள்ளே வருமா என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை. வெளியீடு கண்ட புத்தகத்தில் மீந்த கட்டுகள் பேக்கிங் அறை மூலையில் கிடக்கின்றனவாம். மதியம் சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கத் தோதாக இருக்கிறது என்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் பின்கட்டுக் கொடியில் ஒரு புதுச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறம், முழுக்கை, கழுத்தில் கடைச் சீட்டின் நூல் இன்னும் இருந்தது. அவள் கணவனுக்கு அது சேராது, தோள் குறுகலாக இருந்தது.

"உனக்கா?" என்றேன்.

"ஆமாம்மா. அவரு சட்டையில கை நீளம், மடிச்சு மடிச்சு விட வேண்டியிருக்கு." கொடியிலிருந்து எடுத்து உதறினாள். "சீசன்லயும் நிப்பேனாம்மா? உங்களுக்கு என்ன தோணுது?"

எனக்கு எல்லா நடைமுறையும் தெரியும் என்று இந்தத் தெருவில் ஒரு பெயர் உண்டு. தெரியவில்லை என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, சட்டையை இஸ்திரி போட உள்ளே கொண்டுபோனாள்.